மழைக்குத் திறந்து கிடந்த சுவர்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ கொழும்பிலிருந்து போனில் பேசியபோது நான் பதில் சொல்லாமல் இருந்ததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். "அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். இருந்தேன். தை மாதம் கல்யாணம், அதற்குள் வீட்டின் முன் சுவரைப் பூசி முடிக்க வேண்டும், மேசன் ரவூப் பாஸிடம் பேசிவிட்டேன், ஒரு கிழமையில் முடித்துத் தருவதாகச் சொன்னார் என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஓட்டையையும் சேத்துத்தாம்மா" என்றாய். அதற்கு நான் என்ன சொல்லியிருக்க முடியும்? நூலகத்தில் மற்றவர்கள் எழுதியதை அடுக்கியும் வாசித்தும் பழகியவள் நான். எனக்குள் இருப்பதை வாயால் சொல்ல எனக்கு வராது, எழுதினால் கொஞ்சம் வரும். பதினெட்டு வயதில் உன்னைப் பெற்றேன். உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட வந்தபோது அக்காவா என்று கேட்டவர்கள் உண்டு. ஆகவே இதை ஒரு கிழவியின் கடைசி வார்த்தை போல வாசிக்காதே. கிட்டத்தட்ட உன்னோடு சேர்ந்து வளர்ந்த ஒருத்தி, உனக்கு முன்னால் சில வருடங்கள் அதிகமாகப் பார்த்தவள், எழுதுகிறாள் என்று நினைத்துக்கொள்.

நீ ஓட்டை என்று சொல்வது முதலில் ஒரு விளக்கு மாடம். கண்டியில் மஹய்யாவ மேட்டில் இந்த வீட்டை உன் அப்பா வாங்கியபோதே அது வாசலுக்கு வலப்பக்கம், வெளிச் சுவரில், வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்தது. நமக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு தமிழ்க் குடும்பம் சுவர் எழுப்பும்போதே வைத்துக் கட்டியது. ஒரு முழ உயரம், மேலே வளைவு. செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய சுவர். எவ்வளவு மழை பெய்தாலும் அது கொஞ்சம் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். வீட்டுக்கு வந்த முதல் வருடத்தில் அந்தச் சுவரை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. நல்ல சுவரின் குணம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. மாலையில் விளக்கேற்றுவேன். பிலிமத்தலாவையில் ஹாட்வெயார் கடையில் வேலை முடிந்து பஸ்ஸில் வரும் உன் அப்பா, படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

எண்பத்து மூன்று கலவரம் வந்தபோது உனக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பக்கத்து வீட்டு மெனிக்கே அக்கா நம்மைத் தன் வீட்டுப் பின்னறையில், தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் இருத்திக் கதவைச் சாத்தினாள். நீ அழ வாயெடுத்தபோதெல்லாம் உன் நாக்கில் சீனி வைத்தாள். ஒழுங்கையில் ஆட்கள் வந்தார்கள். எந்த வீடு என்று ஒருவன் கேட்டான். "பஹன தியென கெதர" என்றான் இன்னொருவன். விளக்கு இருக்கிற வீடு. நம் கதிரைகளையும் கட்டிலையும் என் புத்தகங்களையும் ஒழுங்கையில் போட்டுக் கொளுத்தினார்கள். வீட்டுக்கும் நெருப்பு வைக்கப் போனபோது மெனிக்கே அக்கா வெளியே ஓடி, "அங்க வச்சா என் கூரையும் பத்தும், பிறகு நான் உங்க வீட்டுக்குத்தான் குடிவருவேன், சோறு போடுவீங்களா?" என்று சிங்களத்தில் கத்தினாள். அதனால்தான் வீடு மிஞ்சியது. நன்மை செய்கிறவர்கள் எப்போதும் பெரிய வார்த்தை பேசித்தான் செய்வார்கள் என்று எதிர்பார்க்காதே. சிலர் கூரையைச் சொல்லிக் காப்பாற்றுவார்கள்.

கலவரம் அடங்கி, நாங்கள் வீட்டைக் கழுவித் திரும்பக் குடிவந்த பிறகு உன் அப்பா செய்த முதல் வேலை மாடத்தை மூடியது. "மேசன் யாரையாவது கூப்பிடுவோமே" என்றேன்.

"மேசன் வந்தா என்னத்த மூடுறோம்னு ஊருக்கே தெரிஞ்சிரும். சீமெந்து விக்கிறவனுக்குப் பூசத் தெரியாதா?"

"விக்கிறது வேற, பூசுறது வேறங்க. அரிசிக் கடைக்காரரு எல்லாம் நல்லாச் சோறாக்குறாரா?"

"நீ வாளியப் புடி புள்ள. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

அந்தக் கிழமையில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். உடைந்த கல்லையும் மணலையும் மாடத்துக்குள் திணித்தார். கடையிலிருந்து கொண்டுவந்த சீமெந்தைத் தாராளமாகக் கலந்தார். கூடப் போட்டால் பலம் கூடும் என்பது அவர் நம்பிக்கை. சுவரை நனைக்கவில்லை, பழைய வெள்ளையைச் சுரண்டவில்லை. மேலே வழுவழுவென்று இழுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். "எப்பிடி? ஒண்ணுமே இருந்த மாதிரி இல்லல்ல?" என்றார். இல்லை என்றுதான் எனக்கும் தெரிந்தது. எங்கள் இருவருக்கும் அன்றிரவு நல்ல தூக்கம் வந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ காலையில் வாசல் பெருக்கப் போனேன். சுவரில் மாடம் நின்றது. வளைவு, இரண்டு பக்கக் கோடு, அடிக் கோடு எல்லாம் ஈரத்தால் கறுப்பாக வரைந்தது போலத் தெரிந்தன. காரணம் மந்திரம் ஒன்றுமில்லை. பழைய சுண்ணாம்புச் சுவர் மெதுவாக அசையும். கெட்டியான புதுச் சீமெந்து காயும்போது சுருங்கும், பிறகு அசையாது. இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழை போல வெடிக்கும். அந்த வெடிப்பால் மழை உள்ளே போகும். உள்ளே போனது வெளியே வர வழி இல்லாததால் திணித்த கல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் தங்கும். இதெல்லாம் பல வருடங்களுக்குப் பிறகு, நூலகத்தில் யாரும் எடுக்காத ஒரு கட்டடப் பராமரிப்புப் புத்தகத்தை மதியச் சாப்பாட்டு நேரங்களில் வாசித்து நான் தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், நாங்கள் மறைத்தது வெளியே தெரிகிறது என்பது மட்டும்தான். உன் அப்பா எனாமல் பெயின்ட் வாங்கிவந்து அடித்தார். அது தண்ணீர் வெளியேற இருந்த கொஞ்ச வழியையும் அடைத்தது. அடுத்த மழைக்குப் பெயின்ட் கொப்புளித்தது. குத்தினால் தண்ணீர் வந்தது. சுரண்டிவிட்டு மறுபடி சீமெந்து, மறுபடி பெயின்ட். மற்ற வீடுகளில் தீபாவளிக்குப் பலகாரம் செய்கிற நாட்களில் நம் வீட்டில் அந்தச் சுவர் வேலை நடக்கும்.

சுவரை மட்டுமா அப்படிப் பூசினோம். நான் பஸ்ஸில் ஏறும்போது பொட்டை எடுத்துக் கைப்பைக்குள் ஒட்டிக்கொள்வேன். வெளியில் அப்பாவை, சிங்களப் பிள்ளைகள் கூப்பிடுவது போல, "தாத்தா" என்று கூப்பிட உனக்குச் சொல்லிக்கொடுத்தோம். நீ அவரைத் தாத்தா என்று கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் என் முந்தானைக்குள் முகத்தைப் புதைப்பாய். "எனக்கு முப்பது வயசுதாண்டா" என்று அவர் உன் காதுக்குள் தமிழில் சொல்வார். அப்படியே வாழ்ந்துவிடலாம் என்று நினைத்தோம். சில பேர் அப்படியே வாழ்ந்தும்விட்டார்கள், அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

நீ ஆறாம் வகுப்புப் படித்த வருடம் அது. கொழும்பில் குண்டு வெடித்ததற்குப் பிறகு நம் பக்கமும் ஆமிக்காரர்கள் சுற்றிவளைத்துத் தேடினார்கள். அந்தக் கிழமைதான் சுவரில் ஒரு பெரிய பட்டை பெயர்ந்து விழுந்து, உன் அப்பா புதிதாகப் பூசியிருந்தார். பெயின்ட் அடிக்க நேரம் கிடைக்கவில்லை. பழைய மஞ்சள் சுவரின் நடுவில், ஒரு பெட்டி அளவுக்கு, ஈரம் காயாத சாம்பல் நிறச் சீமெந்து. வந்தவர்கள் வீட்டுக்குள் அலுமாரியைத் திறந்தார்கள், என் புத்தகங்களைக் கொட்டினார்கள், ஒன்றும் இல்லை என்று திரும்பினார்கள். வாசலில் இறங்கும்போது அவர்களில் பெரியவர் அந்த இடத்தைப் பார்த்தார். துப்பாக்கியின் பின்பக்கத்தால் தட்டினார். அந்தச் சத்தம் மற்ற இடத்துச் சத்தம் போல இல்லை.

"மே மொகத?" என்றார். இது என்ன?

உன் அப்பா சிங்களத்தில்தான் பதில் சொன்னார். அவருடைய சிங்களம் நன்றாக இருக்கும், கடையில் பேசிப் பழகியது. முன்பு விளக்கு வைக்கும் மாடம் இருந்தது சேர், மூடிவிட்டோம் என்றார்.

"ஏன் மூடினாய்?"

தம்பி, அந்தக் கேள்விக்கு அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இத்தனை வருடமாக நான் யோசித்திருக்கிறேன். உங்கள் ஆட்களுக்குப் பயந்து மூடினோம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? சும்மா மூடினோம் என்றால் யார் நம்புவார்கள்? உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. மெனிக்கே அக்கா வேலிக்கு அப்பால் நின்று, "அது விளக்கு வச்ச இடந்தான், நான் கண்ணால பாத்திருக்கேன்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருவன் அலவாங்கு கொண்டுவந்து இடித்தான். சீமெந்து பலகை போலப் பெயர்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து மண்ணும் கல்லும் ஊறிப்போய்ச் சேறாக வழிந்தன. கையை விட்டுத் துழாவினான். ஒன்றும் இல்லை. பழைய எண்ணெய்ப் புகை படிந்த மூன்று பக்கச் சுவரைத் தவிர ஒன்றுமே இல்லை. இருந்தும், ஏன் மூடினாய் என்பதற்குப் பதில் வரவில்லையே. சும்மா ஒரு விசாரணை, பின்னேரம் விட்டுவிடுவோம் என்று சொல்லி அழைத்துப் போனார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "சோத்த மூடி வை புள்ள, வந்திர்றேன்" என்றார். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். எந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றோம், எந்த முகாமில் அப்படி ஒருவர் இங்கே இல்லவே இல்லை என்று சொன்னார்கள் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. நீயும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாய். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நாங்கள் பிடித்த லோயர் ஐயா முதல் நாளே, "அம்மா, அந்தச் சுவரத் தொடாதீங்க. கேஸ் வந்தா நேர்ல வந்து பாப்பாங்க. ஒண்ணுமில்லேங்கிறதுக்கு அந்தச் சுவர்தான் சாட்சி" என்றார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள எனக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

கேஸ் வரவில்லை. பார்க்க யாரும் வரவில்லை. மழை மட்டும் வந்தது. மெனிக்கே அக்கா ஒரு சாக்கைக் கொண்டுவந்து அந்த இடத்தில் தொங்கவிட்டாள். வருகிறவர்களுக்குத் தெரியாமல் போய்விடும் என்று நான் அவிழ்த்து அவளிடமே கொடுத்தேன். நீ ஒரு சனிக்கிழமை மண்ணைக் குழைத்து அதை அழகாக அடைத்து, "அப்பா வந்தா சந்தோசப்படுவாருல்ல" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். நான் உன்னை அடித்தேன். அடித்துவிட்டு உன் கண்முன்னாலேயே அந்த மண்ணைத் தோண்டி எடுத்தேன். அதற்குப் பிறகு நீ அந்தச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். உள்ளே பாசி பிடித்தது, பிறகு பன்னச் செடி முளைத்தது. சுவர் மேலிருந்து கீழே வரை மழையைக் குடித்தது. முன்னறையின் உள்பக்கம் வெள்ளை உதிர்ந்தது, கதவு நிலையைக் கறையான் தின்றது, நாம் கட்டில்களைப் பின்னறைக்கு மாற்றினோம். வீட்டுக்குள் எப்போதும் ஈரத் துணி வாடை அடிக்கிறது என்று படிக்கப் போன ஹாஸ்டலிலிருந்து நீ வந்த முதல் நாளே மூக்கைச் சுளித்தாய். எனக்கு அந்த வாடை தெரியவே இல்லை. அதற்குள்ளேயே இருந்ததால்.

திங்கட்கிழமை ரவூப் பாஸ் வந்தார். நல்ல மனிதர், நாலு வார்த்தைக்கு ஒரு சிரிப்பு. சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஒரு பெரிய விசயமே இல்ல தங்கச்சி. உள்ளுக்குக் கல்லப் போட்டு நல்லா இறுக்கி, மேல மொத்தமா சீமெந்து, அதுக்கு மேல தண்ணி போகாத கெமிக்கல். கண்ணாடி மாதிரி நிக்கும். மாப்பிள்ள வீட்டுச் சுவர்ல மாப்பிள்ளயே மொகம் பாத்துத் தல சீவலாம்" என்றார்.

"சுவர் ஈரமா இருக்கே பாஸ். காய வேணாமா?" என்றேன்.

"மேல பூசினா உள்ளுக்குத் தானா காயும்."

"எப்பிடிக் காயும்? தண்ணி எந்தப் பக்கத்தால போகும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதுவும் ஞாயம்தான். ஆனா மகன் ஒரு கெழமைக்குள்ள வேணும்டு சொன்னாரே. கலியாண வீட்டுக்கு அவசரம் இல்லாட்டி வேற எதுக்கு அவசரம்?"

அவர் மேல் தவறில்லை. நீ கேட்டதைத்தான் அவர் செய்து தருவார். அதனால் உன்னிடமே கேட்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அந்தச் சுவரைப் பூசாதே. தையில் கல்யாணம் நடக்கட்டும். தை, மாசி, பங்குனி கண்டியில் மழை குறைந்த மாதங்கள். அந்த வெயிலில் சுவர் காயட்டும். அதற்குப் பிறகு பூசுவோம். பெண் வீட்டார் வருகிற நாளில் வாசலில் இப்படி ஒரு சுவர் நிற்பது உனக்கு வெட்கமாக இருக்கும் என்று தெரியும். சென்ற மாதம் வந்தபோது சம்பந்தியம்மா அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, பார்க்காதது போலத் தேத்தண்ணியைக் குடித்தார். தர்ஷினி மட்டும் பக்கத்தில் போய் நின்று, "அத்தை, இது எப்பிடி ஆச்சு?" என்று நேராகக் கேட்டாள். இத்தனை வருடம் வாயால் சொல்ல வராததை அவளிடம் சொன்னேன். நீ ரோட்டில் உன் மாமாவோடு வேனுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் உள்ளே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஈரத்துக்குப் பக்கத்துல இருந்திருக்கீங்களே அத்தை" என்றாள். நீயும் அவளும் நல்லபடியாக வாழ்வீர்கள் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிடத்தில்தான். உனக்கு நான் சொல்லக்கூடிய ஒரே குடும்பப் புத்தி இதுதான்: அவள் கேட்டால் பதில் சொல். அவள் கேட்கும் கேள்விக்கு மேலே வழுவழுவென்று எதையாவது இழுத்துவிடாதே. நானும் உன் அப்பாவும் சண்டை போட்டதே இல்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். பயத்தைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். மாடத்தை மூடும் முன்பு ஒரு பின்னேரம் உட்கார்ந்து, இது எதற்கு, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று பேசியிருந்தால், அந்தக் கேள்வி வந்தபோது எங்கள் வாயில் ஏதாவது ஒரு சொல் இருந்திருக்கும். அந்தச் சொல் அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் காரணம் தேவைப்பட்டிருந்தால் வேறு காரணம் கிடைத்திருக்கும். இருந்தாலும் நினைத்துக்கொள்கிறேன்.

பூசும்போது எப்படிப் பூச வேண்டும் என்பதைக் கேள். ரவூப் பாஸிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் புத்தகப் பேச்சு என்று சிரிப்பார். முதலில் பழைய எனாமலையும் சீமெந்தையும் கல் தெரியும் வரை கொத்தி எடுக்க வேண்டும். நல்லதாகத் தெரிகிற இடத்தையும் தட்டிப் பார்க்கச் சொல். உள்ளே வெற்றிடம் இருப்பது போலச் சத்தம் வந்தால் அதுவும் சுவரை விட்டுக் கழன்றதுதான், இரக்கப்படாதே. மாடத்தின் இடத்தில் கல்லைத் திணிக்கக் கூடாது. இரண்டு பக்கத்திலும் பழைய கல்லைப் பல் பல்லாக வெட்டி, புதுக் கல் அதற்குள் கோத்து நிற்க வேண்டும். பழையதும் புதியதும் சேரும் கோட்டின் மேல் இரண்டு பக்கமும் ஒரு சாண் போகும்படி கம்பிவலை அடிக்க வேண்டும். வெடிப்பு வர நினைத்தாலும் வலை பிடித்துக்கொள்ளும். காய்ந்த சுவரைப் பூசும் நாளில் தண்ணீர் தெளித்துக் குளிர வைக்க வேண்டும். தாகத்தோடு இருக்கும் கல் சாந்திலிருக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டால் சாந்து பொடியாகிவிடும். இதைக் கேட்டு உனக்குச் சிரிப்பு வரும், காய வைத்துவிட்டு நனைக்கச் சொல்கிறாளே என்று. உள்ளே தங்கும் ஈரம் வேறு, மேலே தெளிக்கும் ஈரம் வேறு.

சீமெந்தைக் கூடப் போட விடாதே. சுண்ணாம்பும் சேர்த்து, சுவரைவிடப் பூச்சு இளக்கமாக இருக்க வேண்டும். சுவரைவிடக் கெட்டியான பூச்சு சுவரைக் காப்பாற்றாது. முதல் பூச்சைச் சொரசொரப்பாக வீசி அடித்து, அது சுருங்கி வெடிக்கிற மட்டும் வெடிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டாவது. ஒரே நாளில் மொத்தமாக ஏற்றினால் தன் பாரத்திலேயே தொங்கிவிடும். பூசிய பிறகு ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் நனைத்துக்கொடுக்க வேண்டும், அதை நான் செய்கிறேன். ஜன்னலுக்கு அடியில் படி கொஞ்சம் வெளியே நீட்டி, அதன் அடிப்பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு வெட்டி விடச் சொல். ஓடி வரும் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டாமல் சொட்டி விழுந்துவிடும், சுவருக்குள் போகாது. அடியில் பூச்சை மண்ணைத் தொடவிடாமல் ஒரு சாண் மேலேயே நிறுத்த வேண்டும். மண்ணிலிருந்து ஈரம் ஏறாது. எங்காவது எப்படியோ உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர அந்த இடம் இருக்கும். எவ்வளவு கவனமாகப் பூசினாலும் கொஞ்சம் தண்ணீர் போகத்தான் செய்யும் என்று அந்தப் புத்தகம் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. போகாமல் தடுப்பது பாதி வேலை, போனதை வெளியே விடுவது மீதி. கடைசியாக, எனாமல் வேண்டாம். வெள்ளைச் சுண்ணாம்பே போதும்.

மாடத்தை மறுபடி மாடமாகவே விட்டுவிடலாமா என்று நீ கேட்பாய். கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு தர்ஷினி அதில் விளக்கு வைத்தால் அழகாகத்தான் இருக்கும். இப்போது சண்டை நிறுத்தம், காலம் மாறிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். காலம் பற்றி எனக்கு நிச்சயமில்லை. அது உங்கள் இருவர் வீடு, நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மூடினால், ஏன் மூடினாய் என்று யாராவது கேட்கும்போது மழைக்காக என்று நீ சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கும். உன் அப்பாவுக்கு அப்படிச் சொல்லக் கொடுத்துவைக்கவில்லை.

லோயர் ஐயா இறந்தும் நாலைந்து வருடமாகிறது. சாட்சியைப் பார்க்க வேண்டியவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த வீடு நினைவிருக்கிறதா என்று எனக்கு இப்போது தெரியாது. சுவர் காய மூன்று மாதம் வேண்டும் என்று நானே எழுதிவிட்டேன், அப்படியானால் அதற்குள் மழை போவது இன்றே நிற்க வேண்டும். இன்று காலை நூலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கோழிக்கூட்டுக்குப் போட்டிருந்த தகரத்தை எடுத்துக் கழுவினேன். ஏணியைச் சுவரில் சாத்தினேன். மெனிக்கே அக்கா வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், கேட்காமலே வந்து ஏணியைப் பிடித்தாள். இப்போது அவளுக்கு முழங்கால் மடங்காது. ஓட்டைக்கு மேலே ஆணியடித்து, தகரத்தைச் சாய்வாகக் கட்டினேன். காற்று உள்ளே போகும்படி பக்கங்களைத் திறந்து விட்டேன். நான் இறங்கிய பிறகு அவள் தகரத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"நங்கி, இப்பிடி மூடினா, பாக்க வாற ஆக்களுக்கு எப்பிடித் தெரியிறது?"

"யாரும் வரமாட்டாங்க அக்கா" என்றேன்.

அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் ஏணியை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். நான் ஏற்கெனவே தரையில்தான் நின்றேன்.

அம்மா